உங்களுக்குத் தெரியுமா? நிமோனியாவில் ஒலிக்காத ‘பி’

● நிமோனியாவை ஆங்கிலத்தில் எழுதினால் முதல் எழுத்து ‘பி’. ஆனால் அது ஒலிக்காது. நுரையீரலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்தது இந்தப் பெயர். கிரேக்கர்கள் இன்றும் அந்த ‘ப்’பைச் சேர்த்தே சொல்கிறார்கள். மனநல மருத்துவத்தைக் குறிக்கும் சைக்கியாட்ரியிலும் ‘பி’க்கு இதே கதைதான்.

● மருத்துவச் சொல் ‘ஐட்டிஸ்’ என்று முடிந்தால் அழற்சி: ஆர்த்ரைட்டிஸ் மூட்டு அழற்சி, ஹெபடைட்டிஸ் கல்லீரல் அழற்சி.

● ‘எக்டமி’ என்று முடிந்தால் வெட்டி அகற்றுதல்: அப்பென்டெக்டமி என்பது குடல்வாலை அகற்றும் அறுவை சிகிச்சை.

● ‘ஹைப்பர்’ அதிகம், ‘ஹைப்போ’ குறைவு. ஹைப்பர்டென்ஷன் உயர் ரத்த அழுத்தம்; ஹைப்போடென்ஷன் தாழ் ரத்த அழுத்தம். வேகமாகச் சொன்னால் இரண்டும் ஒன்றுபோலவே காதில் விழும். சிகிச்சையோ வேறு வேறு. சந்தேகம் வந்தால், ‘கூடியிருக்கா, குறைஞ்சிருக்கா டாக்டர்?’ என்று தயங்காமல் கேளுங்கள்.