தங்கம் போனபின் மிஞ்சிய தூள்

கோலார் தங்கவயலில் காற்றடிக்கும் மாதங்களில் சயனைடு மேட்டுத் தூள் எதையும் விட்டுவைப்பதில்லை. கதவைச் சாத்தினால் ஜன்னல் வழியே வரும். பானெட்டை மூடினால் ரேடியேட்டர் வழியே வரும். வீட்டுப் பின்புறத் தகரக் கொட்டகையில் பழைய அம்பாசிடரின் டைனமோவைப் பிரித்து, மூடியின் உள்பக்கம் விரலால் தேய்த்துப் பார்த்தால் நறநறவென்று இருக்கும்.

அந்த நறநறப்பில் பெரும்பங்கு குவார்ட்ஸ். இங்கே தங்கம் கிடந்ததே குவார்ட்ஸ் நரம்புகளில்தான். 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி கால்வைத்ததிலிருந்து 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது வரை, மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கி வெட்டிய பாறையை மாவாக அரைத்து, சயனைடு கரைசலால் தங்கத்தைப் பிரித்தார்கள். தங்கம் போய்விட்டது, மாவு மட்டும் 3 கோடி டன்னுக்கு மேல் ஊரிலேயே நின்றுவிட்டது.

பொருள்களின் கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் தாமிரம் 3, குவார்ட்ஸ் 7. ஆனால் இந்தச் சண்டையில் மெல்லிய உலோகம்தான் முதலில் தேயும் என்று நினைத்தால் ஏமாந்துபோவோம். டைனமோ ஷாஃப்டைத் தாங்கும் வெண்கலப் புஷ்ஷில் துகள் பதிந்து உட்கார்ந்துகொள்ளும். அதன்மேல் சுழலும் எஃகு ஷாஃப்டை அது அறுத்துக்கொண்டே இருக்கும். புஷ் நன்றாகவும் ஷாஃப்ட் தேய்ந்தும் இருந்தால் திகைக்க வேண்டாம்.

புஷ்ஷை மண்ணெண்ணெயில் முக்கிக் கழுவுவது பலருக்குக் கைப்பழக்கம். எனக்கு இது பொறுக்காது. அது வெண்கலத் தூளை அழுத்திச் சூடாக்கிச் செய்த பொருள். உடலெல்லாம் நுண்துளை, துளையெல்லாம் எண்ணெய். ஓடும்போது சூடேறி எண்ணெய் வெளியே கசியும், ஆறியதும் நுண்துளை விசையால் உள்ளே இழுத்துக்கொள்ளும். மண்ணெண்ணெய் இந்த இருப்பைக் கரைத்துக் கொண்டுபோய்விடும். புது புஷ்ஷையும் அப்படியே மாட்டக்கூடாது. மெல்லிய இன்ஜின் ஆயிலில் ஒரு நாள் முழுக்க ஊறப்போட வேண்டும். அவசரமென்றால் 100 டிகிரி சூட்டில் இரண்டு மணி நேரம் வைத்து, ஆயிலிலேயே ஆறவிட்டு எடுக்கலாம்.

அடுத்தது கம்யூட்டேட்டர், அதாவது கார்பன் பிரஷ் உரசும் தாமிர வளையம். கறுத்திருந்தால் கை தானாக எமரி பேப்பரைத் தேடும். எமரியில் இருப்பது குருந்தக்கல், மோஸ் அளவில் 9. குவார்ட்ஸை விரட்டிவிட்டு அதைவிடக் கெட்டியான துகளை நாமே தாமிரத்தில் பதிப்பானேன்? நொறுக்கிய கண்ணாடி ஒட்டிய கிளாஸ் பேப்பர் போதும். தாமிரத் தகடுகளுக்கு இடையிலுள்ள மைக்கா மேலெழும்பி நின்றால் பிரஷ் துள்ளும், தீப்பொறி பறக்கும். பழைய ஆக்சா பிளேடின் பக்கங்களைத் தேய்த்து மெலிதாக்கி, மைக்காவை 0.8 மில்லிமீட்டர் ஆழத்துக்குச் சுரண்டிவிடலாம். டைனமோவுக்குத்தான் இந்த வைத்தியம். செல்ஃப் மோட்டாரின் மைக்காவைச் சுரண்டக் கூடாதென்று அந்தக் கால கார் மேனுவல்களே சொல்கின்றன.

தூளை வாயால் ஊதவோ ஏர் பிடிக்கவோ வேண்டாம். சுரங்கத் தொழிலாளர்களின் நுரையீரலை அரித்த சிலிக்கோசிஸ் இதே குவார்ட்ஸ் தூளால் வந்ததுதான். ஈரத்துணியால் ஒற்றியெடுத்தால் போதும்.

1902இலேயே 147 கிலோமீட்டர் தள்ளியிருந்த சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வாங்கிய ஊர் இது. இங்கே மோட்டார் ரகசியம் யாருக்கும் புதிதல்ல. மாட்டிமுடித்ததும் பெல்ட்டைக் கழற்றிவிட்டு, டி, எஃப் என்ற இரு முனைகளையும் சேர்த்து 12 வோல்ட் பேட்டரியின் ஒரு முனையில் கொடுத்து, பாடியை மறுமுனையில் இணைப்பார்கள். மின்சாரம் கொடுக்க வேண்டிய டைனமோ மின்சாரம் வாங்கி மோட்டாராகச் சுற்றும். நிதானமாக, சீராகச் சுற்றினால் வேலை முடிந்தது. விட்டுவிட்டுச் சுற்றினால் மறுபடி பிரித்து, பிரஷ் கூட்டுக்குள் தடையின்றி நகர்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.