அச்சம் நோயாகும்போது

தொல்காப்பியர் எண்வகை மெய்ப்பாடுகளுள் ஒன்றாக அச்சத்தை வைத்து, அது பிறக்கும் இடங்கள் நான்கு என்கிறார். வருத்தும் தெய்வம், கொடிய விலங்கு, கள்வர், ஆளும் மன்னன் ஆகியவையே அந்நான்கு. (இக்காலத்து மாணவராகிய நாம் ஐந்தாவதாகத் தேர்வுத் தாளைச் சேர்த்துக் கொள்ளலாம்.) நான்கும் நமக்கு வெளியே இருப்பவை. ஆனால் இந்நான்கில் ஒன்றும் எதிரே இல்லாதபோதும் சிலருக்கு நெஞ்சு படபடக்கிறது, கை நடுங்குகிறது, வியர்த்துக் கொட்டுகிறது. மனப்பதற்ற நோய்கள் என்று மருத்துவர்கள் கூறுவது இதைத்தான். உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2019ஆம் ஆண்டில் 30 கோடிக்கு மேற்பட்ட மக்கள் இவற்றால் துன்புற்றனர்.

அச்சம் இயல்பில் நமக்குக் காவல். கருவேலங்காட்டு ஒற்றையடிப் பாதையில் பாம்பைக் கண்டவுடன், சிறுநீரகத்தின் மேலுள்ள சிறு சுரப்பி அட்ரினலின் என்னும் நீரை இரத்தத்தில் கலக்கிறது. இதயம் விரைகிறது, மூச்சு வேகமாகிறது, கால் ஓடத் தயாராகிறது. பாம்பு போனதும் எல்லாம் அடங்கி விடும். பாம்பே இல்லாமல் இந்த மணி அடித்தால் என்ன ஆகும்?

எங்கள் தெருவில் ஓர் அக்கா இருக்கிறார். அருப்புக்கோட்டைக்குப் பேருந்தில் போகும்போது ஒருநாள் திடீரென்று மூச்சு முட்டி, விரல்கள் மரத்து, இதோ உயிர் போகிறது என்று அலறிவிட்டார். மருத்துவமனையில் இதயத்தைப் படமெடுத்துப் பார்த்து, "ஒன்றுமில்லை" என்று அனுப்பி விட்டார்கள். ஒன்றுமில்லாமலா இத்தனை பாடு? வீட்டார் கோடாங்கியிடம் அழைத்துச் சென்றனர். வேப்பிலை அடித்துத் தாயத்தும் கட்டினார்கள். இரண்டு மாதத்தில் மறுபடியும் வந்தது. பிறகு பேருந்தே வேண்டாம் என்றார். சந்தைக்குப் போவதும் நின்றது. இப்போது துணையின்றி வாசற்படி தாண்டுவதில்லை.

இது திடீர்ப் பீதி நோய். பீதி சில நிமிடங்களில் உச்சத்துக்கு ஏறித் தானே தணிந்து விடும். அதனால் உயிர் போவதில்லை. வேகமாக மூச்சு வாங்குவதால் இரத்தத்தில் கரியமில வாயு குறைகிறது; விரல் மரப்பதும் தலை சுற்றுவதும் பெரும்பாலும் அதனால்தான். கொடுமை என்னவென்றால், பீதி வந்து போன பின் 'மறுபடி வந்து விடுமோ' என்னும் இரண்டாவது பயம் வந்து குடியேறுகிறது. அந்தப் பயத்தால் ஓர் இடத்தைத் தவிர்க்கும்போது அப்போதைக்கு நிம்மதி கிடைக்கிறது. அந்த நிம்மதியே நோய்க்குத் தீனி. இன்று பேருந்து, நாளை சந்தை, மறுநாள் தெரு என்று உலகம் சுருங்கிக் கொண்டே வருகிறது.

திடீர் மரண பயம் என்றதும் நம் ஊரார்க்கு நினைவுக்கு வருபவர் ஒருவர் உண்டு. 1879 டிசம்பர் 30 அன்று திருச்சுழியில் பிறந்த வேங்கடராமன், பிற்காலத்து ரமண மகரிஷி, 1896 ஜூலையில் மதுரையில் சிற்றப்பா வீட்டு மாடியில் தனியே அமர்ந்திருந்தார். வயது பதினாறு, உடம்பில் ஒரு நோயும் இல்லை. திடீரென்று சாகப் போகிறோம் என்ற அச்சம் அவரைப் பற்றியது. அவர் யாரையும் கூப்பிடவில்லை. பிணம்போல் கைகால் நீட்டிப் படுத்து, சாவது எது என்று பார்த்தார். சில வாரங்களில் திருவண்ணாமலைக்குப் புறப்பட்டு விட்டார். இதை நோய் என்று கூறுவது பிழை என்பதே என் எண்ணம். ஒருமுறை வந்த அச்சம் நோயாகாது. மீண்டும் மீண்டும் வந்து வாழ்க்கையை முடக்கினால்தான் அதற்கு அப்பெயர். எனினும் ஒன்று கவனிக்கத்தக்கது: அவர் அச்சத்தைக் கண்டு ஓடவில்லை. இன்றைய சிகிச்சையும், மருத்துவரின் துணையுடன் படிப்படியாக, அச்சத்தை எதிர்கொள்ளத்தான் பழக்குகிறது.

பொதுப் பதற்ற நோய் இப்படிப் பாய்ந்து வருவதில்லை, கறையான்போல் அரிக்கும். மானாவாரி விவசாயி வானத்தைப் பார்த்துக் கவலைப்படுவது நோயன்று. மழை பெய்தால் அக்கவலை போய்விடும். மழை பெய்த பின்னும் கண்மாய் உடையுமோ, மகன் விழுவானோ, கடன்காரன் வருவானோ என்று ஆறு மாதத்துக்கு மேல் ஓயாமல் கவலை தொடர்ந்து, தூக்கம் கெட்டு, உடம்பு வலித்தால் அது நோய். பல்லி, ஊசி, உயரம், இரத்தம் என ஒரே பொருளைக் கண்டு அளவுக்கு மீறி நடுங்குவது மற்றொரு வகை. பலர் அதனோடு சமாளித்தே வாழ்ந்து விடுகின்றனர்.

நம் கல்லூரியில் நான் அதிகம் காண்பது சமூக அச்சம். வகுப்பில் எழுந்து பேச வேண்டும் என்றால் முதல்நாளே காய்ச்சல் வந்து விடும் நண்பர்களை நாம் எல்லாரும் அறிவோம். கூச்சம் வேறு, இது வேறு. கூச்சமுள்ளவன் தடுமாறியாவது பேசி முடிப்பான்; இந்நோயுள்ளவன் கருத்தரங்கத் தாள் வாசிப்பதற்கு அஞ்சி மதிப்பெண்ணை இழப்பான், நேர்முகத் தேர்வுக்கே போக மாட்டான். வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவன் இப்படி நின்றுவிட்டால் இழப்பு அவனோடு போவதில்லை. ஆசிரியப் பெருமக்களிடம் ஒரு விண்ணப்பம்: அப்படிப்பட்டவனை எல்லார் முன்னும் எள்ளாமல், முதலில் நான்கு பேர் முன்னிலையில் பேச விடுங்கள்.

'நரம்புத் தளர்ச்சி' என்று சுவரில் விளம்பரம் செய்வோர் தரும் லேகியங்களால் இவை தீரா. தைராய்டு மிகுதியும் இரத்தசோகையும் இதே படபடப்பைத் தரக்கூடும். ஆகவே முதலில் உடற்பரிசோதனை தேவை. பிறகு எண்ணத்தையும் நடத்தையையும் சீராக்கும் பேச்சுச் சிகிச்சை, தேவையானால் மாத்திரை. மாத்திரை பலன் தரச் சில வாரங்கள் ஆகும். மருந்துக் கடையில் தாமே வாங்கும் தூக்க மாத்திரை பழக்கமாகி விடும். அதைத் தொடாதிருப்பது நல்லது.

மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு. அவ்வளவு தூரம் போகத் தயங்குவோர்க்கு, 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் என்னும் அரசுத் தொலைபேசிச் சேவை உள்ளது. எண் 14416. கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம். எங்கள் தெரு அக்காவுக்கு அந்த எண்ணை எழுதிக் கொடுத்திருக்கிறேன்.