ஒரு வசனம் ஆஸ்பத்திரியான கதை

கொல்கத்தாவில் வாழும் தமிழரிடம் வங்காளி நண்பர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "உங்கள் ஊர் வேலூருக்குப் பக்கமா?" நம் ஊர் திருநெல்வேலியாக இருந்தாலும் சரி, தஞ்சாவூராக இருந்தாலும் சரி, வங்காளத்து நோயாளிகள் பலருக்குத் தமிழ்நாடு என்றால் வேலூர்தான். அங்குள்ள கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியே காரணம்.

அந்த நிறுவனம் பைபிளில் உள்ள ஒரு வசனத்தைத் தன் குறிக்கோளாக வைத்திருக்கிறது.

பதவி கேட்ட சீடர்கள்

மாற்கு சுவிசேஷம் 10-ம் அதிகாரத்தில் ஒரு சம்பவம் வருகிறது. யாக்கோபு, யோவான் என்ற சகோதரர்கள் இயேசுவிடம் வந்து, அவருக்கு வலப்பக்கம் ஒருவருக்கும் இடப்பக்கம் ஒருவருக்கும் இடம் கேட்கிறார்கள். மற்றப் பத்துச் சீடர்களுக்கும் கோபம் வருகிறது. ஆபீசில் பிரமோஷன் பட்டியல் வெளியானால் நடப்பதுதான்!

பெரியவனாக விரும்புகிறவன் மற்றவர்களுக்கு வேலைக்காரனாக இருக்க வேண்டும் என்கிறார் இயேசு. தாமும் பிறரிடம் பணிவிடை பெற வரவில்லை, செய்யவே வந்ததாகக் கூறுகிறார். 45-வது வசனமான இதுவே வேலூரின் குறிக்கோள்.

திண்டிவனத்தில் ஓர் இரவு

ஐடா ஸ்கடர் 1870-ல் ராணிப்பேட்டையில் பிறந்தவர். தாத்தாவும் தந்தையும் மிஷனரி டாக்டர்கள். ஐடாவுக்கோ இந்தியாவில் தங்க விருப்பமில்லை. 1890-களில், நோயுற்ற தாயைக் கவனிக்கத் திண்டிவனம் வந்திருந்தார்.

ஒருநாள் இரவு மூன்று ஆண்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து கதவைத் தட்டினார்கள். மூவருடைய மனைவியும் பிரசவ வேதனையில் இருந்தார்கள். ஐடா டாக்டர் அல்ல. தந்தையை அனுப்புவதாகச் சொன்னார். அந்நிய ஆண் பார்க்கக் கூடாது என்று மூவரும் திரும்பிவிட்டார்கள். விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்திருந்தார்கள்.

அன்று ஐடாவிடம் இரக்கம் இருந்தது, வைத்தியம் தெரியவில்லை. அழுது ஓயாமல், அமெரிக்கா சென்று படித்தார். 1899-ல் டாக்டர் பட்டம் பெற்றார். 1900-ல் வேலூரில் ஒரே ஒரு படுக்கையுடன் சிகிச்சையைத் தொடங்கினார். 1902-ல் 40 படுக்கைகளுடன் ஆஸ்பத்திரி எழுந்தது. தான் ஒருத்தி போதாது என்று 1918-ல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி ஆரம்பித்தார். கிராமத்து நோயாளிகளைப் பார்க்கச் சாலையோர மரத்தடிகளுக்கே போனார். 1960-ல் காலமானார்.

நம்மால் முடிந்தது

இந்த வசனத்தின்படி நடக்க நாம் எல்லோரும் டாக்டராக வேண்டியதில்லை. தெரிந்த வேலையைக் கொண்டு உதவினால் போதும். நமக்குத் தமிழ் தெரியும். ரயில் விவரம் தெரியும். பாரம் நிரப்பத் தெரியும்.

வேலூருக்கு இறங்க வேண்டிய நிலையம் காட்பாடி என்று சொல்லலாம். சில சிகிச்சைப் பிரிவுகள், 2022-ல் திறந்த ராணிப்பேட்டை வளாகத்தில் இருக்கின்றன. ஆகவே எந்த வளாகத்துக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள் என்று சீட்டைப் பார்த்துச் சொல்லலாம். நோயாளியின் பெயர், ஊர், போக வேண்டிய இடம் ஆகியவற்றைத் தமிழில் ஒரு தாளில் எழுதிக் கொடுக்கலாம். பழைய ரிப்போர்ட்டுகளைத் தேதிவாரியாக அடுக்கி நூல் கட்டித் தரலாம். குமாஸ்தாவுக்குக் கைவந்த கலை அல்லவா அது!

பாஷை தெரியாத ஊரில் பெட்டியோடு நிற்பதன் கஷ்டம் நமக்குத் தெரியும். ஹவுராவில் வந்திறங்கிய நாளில் அதை அனுபவித்தவர்கள்தானே நாம்? நோயாளியையும் அழைத்துக்கொண்டு நிற்பவர்களின் கஷ்டம் அதைவிடப் பெரியது.

ஞாயிற்றுக்கிழமை கோவிலில் இந்த வசனத்தைக் கேட்கிறோம். திங்கட்கிழமை பக்கத்து மேஜைக்காரர் "வேலூர்" என்று தொடங்கினால், பேனாவை வைத்துவிட்டுப் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். போகிற இடத்தில் ஒரு நோயாளிக்கு ஒருநாள் அலைச்சல் மிச்சமாகும்.