தொட்டி காய்ந்தால் யாரைக் கூப்பிடுவது?

2020 செப்டம்பர் 3 நினைவிருக்கிறதா? ரவாங் பக்கம் சுங்கை கோங் ஆற்றில் கழிவு கலந்ததால் நான்கு நீர் சுத்திகரிப்பு நிலையங்களை மூடினார்கள். கிள்ளான் பள்ளத்தாக்கில் 1,292 இடங்களில் குழாய் காய்ந்தது. வானொலியில் இடங்களின் பெயர்களை நான் வாசித்துக்கொண்டிருந்த அதே நேரம், பத்துமலை வீட்டில் அம்மா வாளிகளை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தார். சில நாள்களில் தண்ணீர் வந்துவிட்டது. நாமும் மறந்துவிட்டோம்.

சென்ற ஆண்டு நண்பர்களோடு பகாங்கில் ஓர் ஓராங் அஸ்லி கம்போங்கிற்குப் போனேன். அங்கே மின்கம்பி இல்லை. கிணற்றில் சோலார் பம்பு, மேட்டில் பெரிய தொட்டி, பக்கத்தில் நன்கொடையாளர்களின் பெயர் பொறித்த பலகை எல்லாம் இருந்தன. தொட்டிதான் காலி. இடி விழுந்து கட்டுப்பாட்டுப் பெட்டி கருகி எட்டு மாதமாம். பெண்கள் மறுபடியும் ஆற்றுக்கே போய்க்கொண்டிருந்தார்கள். பலகையில் இத்தனை பெயர் எழுதியவர்களுக்கு ஒரு தொலைபேசி எண் எழுத இடமில்லையா என்று எனக்குக் கோபம்தான் வந்தது.

இத்தனைக்கும் இது பெரிய தொழில்நுட்பம் இல்லை. ஆளுக்கு 100 லிட்டர் என்றால் நூறு பேருக்கு நாளுக்கு 10,000 லிட்டர் வேண்டும். அதை 30 மீட்டர் உயரத்துக்கு ஏற்ற, விரயத்தையும் சேர்த்து, சுமார் இரண்டு யூனிட் மின்சாரம் போதும். நம் ஊர் வெயிலில் இரண்டு பேனல் அதைத் தந்துவிடும். பேட்டரிகூடத் தேவையில்லை. வெயில் அடிக்கும்போது பம்பு ஓடும், தொட்டி நிறையும், இரவில் தண்ணீர் தானாக இறங்கும். மத்தியானமானால் மழை கொட்டுகிற நாடாயிற்றே, தொட்டியை மட்டும் இரண்டு மூன்று நாளுக்குத் தாங்கும்படி பெரிதாகக் கட்ட வேண்டும்.

ஒன்றைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. பம்பு தண்ணீரை ஏற்றுமே தவிர சுத்தப்படுத்தாது. தெளிந்த நீரை நிறமில்லாத பிளாஸ்டிக் போத்தலில் நிரப்பி ஆறு மணி நேரம் நல்ல வெயிலில் வைத்தால் கிருமிகள் பெரும்பாலும் சாகும். மேகமூட்டமென்றால் இரண்டு நாள். ஆனால் உப்போ, சுங்கை கோங்கில் கலந்தது போன்ற ரசாயனமோ அதற்கு அசையாது.

உப்புக்கு வேறு வழி உண்டு. ராஜஸ்தானில் சாம்பார் உப்பு ஏரிக்குப் பக்கத்தில் கோட்ரி என்றொரு கிராமம். அங்கே 2006-இல் சூரிய சக்தியில் ஓடும் ஆர்.ஓ. இயந்திரத்தை வைத்தார்கள். முன்னின்று செய்தது திலோனியாவிலுள்ள பேர்ஃபுட் கல்லூரி. பங்க்கர் ராய் 1972-இல் தொடங்கிய அமைப்பு அது. பட்டம் இல்லாத, எழுதப் படிக்கத் தெரியாத கிராமத்துப் பெண்களைக்கூட சோலார் கருவிகளைப் பழுதுபார்க்கப் பழக்குகிறார்கள். பாட்டிமார் சர்க்யூட் பலகையில் ஈயம் பற்றவைக்கிறார்கள். எனக்குப் பேனலைவிட அதுதான் பெரிய விஷயமாகப் படுகிறது. பழுதானால் பட்டணத்திலிருந்து ஆள் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை பாருங்கள்.

பகாங்கில் எங்களுக்கு வழி காட்டிய இளைஞர் கம்போங்கிலுள்ள மோட்டார் சைக்கிள்களையெல்லாம் பிரித்துப் பூட்டுகிறவர். பம்பு வைத்தபோது உங்களுக்குச் சொல்லித் தந்தார்களா என்று மலாயில் கேட்டேன். இல்லை என்று தலையாட்டினார். கருகிய பெட்டிக்கு ஒரு பூட்டு தொங்கியது. அதன் சாவி யாரிடம் இருக்கிறதென்று அங்கே ஒருவருக்கும் தெரியவில்லை.