பட்டறையா, ஐ.டி.ஐ.யா?

பெங்களூர்: பத்தாவது தேறிய பையனை மோட்டார் பட்டறையில் விடுவதா, ஐ.டி.ஐ.யில் சேர்ப்பதா? இங்குள்ள தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் எழும் கேள்வி இது.

பட்டறை என்றால் முதல் வாரமே கையில் நாலு காசு வரும். ஐ.டி.ஐ.யில் மோட்டார் வாகன மெக்கானிக் படிப்பு 2 ஆண்டு. அரசு நிலையங்களில் கட்டணம் குறைவுதான். உண்மையான செலவு, அந்த 2 ஆண்டும் வீட்டுக்கு வராத கூலி! ஒருவர் சம்பாத்தியத்தில் ஓடும் குடும்பத்துக்கு அது சிறு தொகையல்ல.

பலன் என்ன? 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 விதி வந்தபின் புதிய ஸ்கூட்டர்களில்கூட கார்புரேட்டர் போய் இன்ஜெக்டர் வந்துவிட்டது. சத்தத்தைக் கேட்டே கோளாறு சொன்ன மெக்கானிக்கும் இன்று ஸ்கேனர் காட்டுவதைப் படித்தறிய வேண்டும். ரயில்வேயில் உதவி லோகோ பைலட் தேர்வு எழுதவும் இந்த ஐ.டி.ஐ. சான்றிதழ் உதவும். பட்டறை அனுபவம் மட்டும் அங்கே செல்லாது.

ஆனால், சான்றிதழ் நட்டைக் கழற்றாது. பணம் கட்டுமுன் பெற்றோர் நேரில் போய், அங்கீகாரம் உண்டா, பிரித்துப் பழக எஞ்சின் உண்டா, ஸ்கேனர் உண்டா என்று பார்த்துவிடுவது நல்லது. விடுமுறை நாட்களில் பையன் பட்டறைக்குப் போனால் கையும் பழகும், பஸ் செலவும் தேறும்.

இரண்டு ஆண்டு பொறுக்க முடிந்த வீட்டுக்கு ஐ.டி.ஐ.யே லாபம். முடியாத வீட்டுக்கும் வழி உண்டு: 1961ஆம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டப்படி, உதவித்தொகை பெற்றுக்கொண்டே தொழில் கற்கலாம்.