‘வேலை நிச்சயம்’ என்றால் எத்தனை நாள் வேலை?

2011-ல் கணக்குப்பதிவியல் முடித்த ஒரு மாணவிக்குப் படித்த துறையிலேயே வேலை கிடைத்துவிட்டதாக அமெரிக்காவின் ஹீல்ட் கல்லூரி கணக்குக் காட்டியது. அந்த வேலை டாகோ பெல் உணவகத்தில். அதில் அவர் சேர்ந்தது 2006 ஜூன் மாதம். படிப்பு முடிவதற்கு ஐந்து வருடம் முன்பே பார்த்துக்கொண்டிருந்த வேலையைக் கல்லூரி தன் கணக்கில் வரவு வைத்துக்கொண்டது.

இன்னும் சிலருக்குக் கல்லூரியே வேலையை உண்டாக்கியது. தற்காலிக ஆட்களை அனுப்பும் ஏஜென்சிகளுக்குப் பணம் கொடுத்து, படித்து முடித்த மாணவர்களைத் தன் வளாகத்துக்கே வேலைக்கு வரவழைத்தது. கம்ப்யூட்டர்களை இடம் மாற்ற வேண்டும், கேபிள்களை ஒழுங்குபடுத்த வேண்டும். சில வேலைகள் இரண்டே நாளில் முடிந்துபோயின. அதுவும் ‘துறை சார்ந்த பணி’ என்று பதிவேட்டில் ஏறியது. 2015 ஏப்ரலில் அமெரிக்கக் கல்வித்துறை இப்படி 947 தவறான வேலைவாய்ப்புக் கணக்குகளைப் பட்டியலிட்டு, கிட்டத்தட்ட 3 கோடி டாலர் அபராதம் அறிவித்தது.

ஹீல்ட், 1863-ல் சான்பிரான்சிஸ்கோவில் தொடங்கிய கல்லூரி. அதை வாங்கியிருந்த கொரிந்தியன் காலேஜஸ் நிறுவனம் எவரெஸ்ட், வயோடெக் என்ற பெயர்களிலும் தொழிற்கல்லூரிகளை நடத்திவந்தது. அபராதம் வந்த அதே மாதக் கடைசியில், கையில் மிச்சமிருந்த 28 வளாகங்களையும் ஒரேயடியாக இழுத்து மூடியது. சுமார் 16,000 மாணவர்கள் பாதிப் படிப்பில் நின்றார்கள். கொரிந்தியனில் படித்த 5.6 லட்சம் பேரின் 580 கோடி டாலர் கல்விக்கடனை ரத்து செய்வதாக அரசு அறிவிக்க 2022 ஜூன் வரை ஆனது. அதுவரை கடன் தவணையோடு மல்லாடியவர்களில் பலர் வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகள்.

இவ்வளவு பெரிய நிறுவனத்தின் கதை, ஒரு வணிக வளாகத்தின் இரண்டாவது மாடியில் நாலு வகுப்பறையோடு நடக்கும் சின்னக் கல்லூரிக்கு எப்படிப் பொருந்தும்? கொரிந்தியனை அரசு வழக்கறிஞர்கள் வருடக்கணக்கில் தோண்டினார்கள், அதனால் உண்மை வெளியே வந்தது. சின்னக் கல்லூரியின் விளம்பரத் தாளில் அச்சான சதவீதத்தை அப்படித் தோண்டிப் பார்க்கப் பெரும்பாலும் ஆளில்லை. சேரப்போகிற மாணவர்தான் அந்த வேலையைச் செய்தாக வேண்டும்.

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தையே எடுத்துக்கொள்ளலாம். டொராண்டோ, ஸ்கார்பரோ பகுதித் தமிழ்க் குடும்பங்களுக்குத் தனியார் தொழிற்கல்லூரி நன்கு தெரிந்த இடம். முதியோரைப் பராமரிக்கும் பி.எஸ்.டபிள்யூ படிப்பு, பல் மருத்துவ உதவியாளர் படிப்பு, மருந்தக உதவியாளர் படிப்பு என்று ஒரு வருடத்துக்குள் முடித்து வேலைக்குப் போகலாம் என்ற நம்பிக்கையில் சேர்கிறார்கள். குழந்தைகள் பள்ளிக்குப் போன பிறகு படிக்க வரும் அம்மாக்கள் இவர்களில் நிறைய. 2015 பிப்ரவரியில் இதே கொரிந்தியனின் எவரெஸ்ட் கல்லூரிக்கு ஒன்டாரியோவில் இருந்த 14 வளாகங்களும் ஒரே நாளில் மூடப்பட்டன. சுமார் 2,450 மாணவர்கள் தவித்தபோது கைகொடுத்தது, கல்லூரிகள் பணம் போட்டு வைத்திருக்கும் படிப்பு நிறைவு உத்தரவாத நிதி. பதிவு பெற்ற கல்லூரியில், அனுமதி பெற்ற படிப்பில் சேர்ந்திருந்ததால்தான் அவர்களுக்கு அந்தப் பாதுகாப்பு இருந்தது.

அதனால் முதல் விசாரணை பதிவு பற்றியதாகவே இருக்க வேண்டும். இதில் பலரும் கோட்டைவிடுகிறார்கள். ஒன்டாரியோவில் கல்லூரிக்குப் பதிவு இருந்தால் மட்டும் போதாது. ஒவ்வொரு படிப்புக்கும் தனித்தனி அனுமதி வேண்டும். மாகாண அரசின் இணையப் பட்டியலில் கல்லூரிப் பெயரைப் போட்டுத் தேடினால் இரண்டும் தெரிந்துவிடும். ஐந்து நிமிட வேலை.

அடுத்தது அந்தச் சதவீதம். ‘எங்கள் மாணவர்களில் 85 சதவீதம் பேருக்கு வேலை’ என்கிறது ஒரு விளம்பரம் என்று வைத்துக்கொள்வோம். 60 பேர் சேர்ந்தார்கள். 40 பேர் முடித்தார்கள். கல்லூரி விசாரித்தபோது பதில் சொன்னவர்கள் 20 பேர். அதில் வேலையில் இருப்பவர்கள் 17 பேர். 20-க்கு 17 என்றால் 85 சதவீதம். சேர்ந்த 60 பேரை வைத்துக் கணக்குப் போட்டால் 28 சதவீதம்தான் தேறும். மீதிப் பேரில் சிலர் வேலையில் இருக்கக்கூடும், ஆனால் அது கல்லூரிக்கே தெரியாது. எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் முடித்தார்கள், எத்தனை பேரிடம் விசாரித்தீர்கள், படித்த துறையிலா, முழுநேரமா, ஆறு மாதம் கழித்தும் அதே வேலையில் இருக்கிறார்களா என்று அடுத்தடுத்துக் கேட்க வேண்டும். நேர்மையாக நடத்துகிறவர்கள் இந்தக் கேள்விகளுக்குச் சலித்துக்கொள்வதில்லை. 25 பேர் படிக்கும் கல்லூரியில் யார் எங்கே வேலை செய்கிறார்கள் என்பது முதல்வருக்கே மனப்பாடமாகத் தெரிந்திருக்கும். சின்னக் கல்லூரியின் பெரிய பலமே அதுதான்.

அட்மிஷன் மேசைக்குத் தனியாகப் போகாமல் இருப்பது நல்லது. கொரிந்தியன் மீது கலிஃபோர்னியா அரசு 2013-ல் போட்ட வழக்கில் அந்த நிறுவனத்தின் உள் ஆவணங்கள் எடுத்துக்காட்டப்பட்டன. யாரைக் குறிவைத்துப் பேச வேண்டும் என்று அவற்றில் எழுதியிருந்தது: தனித்து விடப்பட்டவர்கள், தன்மதிப்பு குறைந்தவர்கள், பொறுமையில்லாதவர்கள், அக்கறை காட்ட ஆளில்லாதவர்கள். படித்தால் வயிறு எரிகிறது. புதிதாக நாடு வந்து, மொழி பிடிபடாமல், செலவுக்குத் திண்டாடும் ஒருவருக்கு இந்த அடையாளங்கள் அத்தனையும் பொருந்தும். கூட ஒரு அக்காவோ மாமாவோ உட்கார்ந்திருந்தால், ‘இன்றைக்கே கையெழுத்துப் போட்டால் கட்டணத்தில் சலுகை’ என்ற பேச்சின் வேகம் குறையும்.

பிறகு ஆய்வகம். வரவேற்பறையின் சோபாவைப் பார்த்து முடிவு செய்யக்கூடாது. வகுப்பு நடக்கும் நேரத்தில் உள்ளே போய்ப் பார்க்க அனுமதி கேட்க வேண்டும். பி.எஸ்.டபிள்யூ படிப்பு என்றால் மருத்துவமனைக் கட்டில், பொம்மை நோயாளி, சக்கர நாற்காலி, எழுந்திருக்க முடியாதவரைத் தூக்கி மாற்றும் லிஃப்ட் ஆகியவை இருக்கும். அந்த லிஃப்ட்டின் துணித்தொட்டிலை நோயாளியின் முதுகுக்கும் தொடைக்கும் கீழே சரியாக நுழைத்து மாட்டுவது கைப்பழக்கம். கொக்கி ஒன்று தவறினால் மனிதர் கீழே விழுவார். 20 பேருக்கு ஒரு லிஃப்ட்தான் இருக்கிறது, அதுவும் மூலையில் உறை போட்டு நிற்கிறது என்றால், படிப்பவர் அதை எத்தனை முறை தொடப்போகிறார்? ஒன்டாரியோவில் நீண்டகாலப் பராமரிப்பு இல்லங்களில் வேலைக்குப் போக, பி.எஸ்.டபிள்யூ படிப்பு வகுப்பும் நேரடிப் பயிற்சியும் சேர்த்துக் குறைந்தது 600 மணி நேரம் இருக்க வேண்டும் என்கிறது விதி. நேரடிப் பயிற்சிக்கு இடம் பிடித்துத் தருவது கல்லூரியா, மாணவரே தேடிக்கொள்ள வேண்டுமா என்பதை எழுத்தில் வாங்கிவிட வேண்டும். அமெரிக்காவில் நர்சிங் சேருகிறவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. உரிமத் தேர்வான என்க்ளெக்ஸில் ஒவ்வொரு கல்லூரியிலும் எத்தனை சதவீதம் பேர் தேறினார்கள் என்பதை மாநில நர்சிங் வாரியங்கள் வெளியிடுகின்றன.

இந்தியாவிலிருந்து மாணவர் விசாவில் போகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். 2022 ஜனவரியில் கனடாவின் கியூபெக் மாகாணத்தில் ஒரே குழுமத்தைச் சேர்ந்த மூன்று தனியார் கல்லூரிகள் கடன் கொடுத்தவர்களிடமிருந்து பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போயின. சுமார் 2,000 இந்திய மாணவர்கள் பணத்தைக் கட்டிவிட்டு வகுப்பில்லாமல் நின்றார்கள். அப்போது ஒட்டாவாவில் உள்ள இந்தியத் தூதரகம், கட்டணம் செலுத்துவதற்கு முன் கல்லூரியின் தகுதியை முழுமையாகச் சரிபார்க்கும்படி மாணவர்களை எச்சரித்தது. ஒன்டாரியோவின் தனியார் தொழிற்கல்லூரிப் படிப்பை முடித்தால், படிப்புக்குப் பிந்தைய வேலை அனுமதி கிடைக்காது. அரசுக் கல்லூரியின் பாடத்திட்டத்தை உரிமம் வாங்கி நடத்தும் தனியார் கல்லூரிகளில் 2024 மே 15 முதல் சேர்ந்தவர்களுக்கும் அந்த வழி அடைக்கப்பட்டுவிட்டது. ஏஜென்ட் என்ன சொன்னாலும், இதைக் கனடா குடியேற்றத் துறையின் பக்கத்தில் நேரடியாகப் பார்க்க வேண்டும்.

விசாரிக்க வேண்டிய கடைசி இடம் கல்லூரிக்கு வெளியே இருக்கிறது. பக்கத்து ஊர்ப் பராமரிப்பு இல்லத்துக்கோ மருந்துக் கடைக்கோ ஒரு போன் போட்டு, ‘இந்தக் கல்லூரியில் படித்தவர்களை எடுப்பீர்களா?’ என்று கேட்டால் போதும். கையெழுத்துப் போட்ட பிறகு சந்தேகம் வந்தாலும் ஒன்டாரியோவில் ஒரு வாசல் திறந்திருக்கிறது. ஒப்பந்தத்தின் நகல் கைக்கு வந்த இரண்டு நாட்களுக்குள் எழுத்தில் ரத்து செய்தால் கட்டிய கட்டணம் முழுவதும் திரும்பும். படிப்பில் பாதியைத் தாண்டிவிட்டால் கட்டணம் திரும்பாது. அந்த போனை இந்த இரண்டு நாளுக்குள் போட்டுவிட வேண்டும்.