கோல் மார்க்கெட் நாட்கள் – 11: முற்றத்தில் ஆறிய கஸ்டர்ட்

டிசம்பர் மாதச் சனிக்கிழமை ராத்திரிகளில் எங்கள் குவார்ட்டர்ஸ் முற்றத்தில் ஓர் எவர்சில்வர் அடுக்கு தனியாக உட்கார்ந்திருக்கும். அதன் மேல் ஒரு தாம்பாளம், தாம்பாளத்தின் மேல் அம்மிக் குழவி. குழவி பூனைக்காக. அடுக்குக்குள் இரண்டு லிட்டர் பாலில் காய்ச்சிய கஸ்டர்ட். ஞாயிறு காலையில் குழவியை எடுக்கப் போனால் தாம்பாளமெல்லாம் பனி கோத்திருக்கும். விரலை வைத்தால் சுரீர் என்று ஏறும்.

போன வாரம் டி.எம்.எஸ். (டெல்லி மில்க் ஸ்கீம்) பால் பூத் வரிசையைப் பற்றி எழுதியிருந்தேன். விடியற்காலையில் மங்கி கேப்பும் மஃப்ளருமாக நின்று, மூடியில் தகடு ஒட்டிய கண்ணாடி பாட்டில்களை வாங்கி வந்த கதை. “அத்தனை பாடுபட்டு வாங்கிய பாலை என்னதான் செய்தீர்கள்?” என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். பெரும்பாலும் காப்பிதான். குளிர்காலத்தில் மட்டும், மாதத்துக்கு இரண்டு ஞாயிறு, ஃப்ரூட் சாலட்.

தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு இது விசித்திரமாகப் படலாம். அங்கே ஃப்ரூட் சாலட் என்றால் கோடை விடுமுறை, அல்லது கல்யாண ரிசப்ஷனில் மேலே ஒரு கரண்டி ஐஸ்கிரீம் போட்டுத் தரும் கிண்ணம். டெல்லியில் அது ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு சாப்பிடுகிற பண்டம். காரணம் எளிது. எங்கள் வரிசையில் ஃப்ரிட்ஜ் இருந்தது ஒரே ஒரு வீட்டில். மே மாதத்தில் கஸ்டர்ட் காய்ச்சினால் மதியத்துக்குள் புளிக்கும். டிசம்பர் பிற்பாதியில் டெல்லியின் இரவு 7, 8 டிகிரிக்கு இறங்கிவிடும். சில நாள் 4-க்குக்கூட. ஃப்ரிட்ஜுக்குள்ளும் அவ்வளவுதானே? சர்க்கார் கொடுத்த வீட்டில் சர்க்கார் கொடுக்காத ஃப்ரிட்ஜ் அந்த முற்றம்.

கோல் மார்க்கெட்டைப் பார்க்காதவர்களுக்காக இரண்டு வரி. ‘கோல்’ என்றால் இந்தியில் வட்டம். கட்டடம் உண்மையில் வட்டமல்ல, பன்னிரண்டு பக்கம். லட்யன்ஸின் புது டெல்லி எழும்பிக்கொண்டிருந்த 1921-ல் கட்டியது. கன்னாட் பிளேஸுக்கு மூத்தது. சுற்றிலும் செக்ரடேரியட் குமாஸ்தாக்களுக்கான குடியிருப்புகள். ஷார்ட்ஹேண்டும் டைப்ரைட்டிங்கும் பாஸ் செய்த தமிழர்கள் கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸில் வந்து இறங்கி, இங்கேதான் குடும்பம் போட்டார்கள். மதராஸி கல்விச் சங்கம் 1923-லேயே தொடங்கிவிட்டது. இன்றைய டெல்லி தமிழ்க் கல்விக் கழகத்தின் மூலம் அதுதான். மந்திர் மார்க்கில் அதன் பள்ளி, நடக்கிற தூரம். மார்க்கெட்டுக்குள் மீனும் இறைச்சியும் விற்பார்கள் என்பதால் எங்கள் பாட்டி அந்தப் பன்னிரண்டு பக்கத்தையும் வெளியிலிருந்தே பார்த்தவள். பழம் வெளியில் கிடைத்தது, அதனால் ஃப்ரூட் சாலட்டுக்கு ஆட்சேபம் எழவில்லை.

பிக்னிக் என்றால் எங்கள் வரிசை முழுவதும் கிளம்பும். பக்கத்தில் தால்கட்டோரா தோட்டம். கொஞ்சம் துணிந்தால் ரிட்ஜ் காட்டுக்குள் புத்த ஜயந்தி பூங்கா. பஸ் பிடிக்கத் தயாரென்றால் ஓக்லா, யமுனைக் கரை. வீட்டுக்கு ஒரு பண்டம். நம்மூரில் இதற்குக் கூட்டாஞ்சோறு என்று பேர், ஆடிப்பெருக்குக்கு ஆற்றங்கரையில் செய்வதும் இதுதான். ஆனால் ஆற்றங்கரையில் எல்லோர் தூக்கிலும் இருப்பது ஒரே வகைச் சித்திரான்னம். இங்கே வங்காளி, பஞ்சாபி, மலையாளி, கடுவாலி, நாங்கள். யார் எதைச் சாப்பிடுவார்கள் என்று பார்ப்பதற்குள் தலை சுற்றும். ஒருவருக்கு வெங்காயம் ஆகாது. ஒருவர் முட்டை தொடமாட்டார். ஒருவருக்கு எங்கள் புளியோதரை நல்லெண்ணெய் வாசனை பிடிக்காது; மூக்கைச் சுளிக்காமல் “பஹுத் அச்சா” என்று சொல்லிவிட்டு இலையை மடிப்பார். ஃப்ரூட் சாலட் மட்டும்தான் எந்த ஊருக்கும் சொந்தமில்லாத பண்டம். அதனாலேயே எல்லோரும் இரண்டாம் தடவை நீட்டினார்கள். அம்மா அதைப் பிடித்துக்கொண்டது சமையல் ஆசையால் அல்ல, கணக்குப் போட்டுத்தான் என்று இப்போது தோன்றுகிறது.

சைவ வீட்டுக்குள் அது நுழைந்ததற்கு நன்றி சொல்லவேண்டிய ஆள் பர்மிங்ஹாமில் இருந்தார். ஆல்ஃபிரெட் பேர்ட் என்ற மருந்துக் கடைக்காரர். வெள்ளைக்காரர்களின் கஸ்டர்ட் முட்டை மஞ்சள் கருவால் இறுகுவது. அவர் மனைவிக்கோ முட்டை ஒத்துக்கொள்ளாது. 1837-ல் அவர் மக்காச்சோள மாவை வைத்து முட்டையில்லாத கஸ்டர்ட் பவுடரைக் கண்டுபிடித்தார். மனைவிக்காகச் செய்தது, கடல் தாண்டி வந்து மதராஸி மாமிகளுக்கு உதவிற்று. எங்கள் வீட்டில் பிரவுன் அண்ட் போல்சன் டப்பா இருக்கும், பிறகு வெய்க்ஃபீல்ட். மஞ்சள் நிறத்தைப் பார்த்துப் பாட்டி பல நாள் சந்தேகப்பட்டாள். டப்பாவில் எழுதியிருந்ததை அப்பா இரண்டு முறை உரக்கப் படித்துக் காட்டிய பிறகே வழிவிட்டாள்.

அளவு சொல்கிறேன், பதினைந்து பேருக்கு. பால் இரண்டு லிட்டர். கஸ்டர்ட் பவுடர் எட்டு மேஜைக் கரண்டி. சர்க்கரை கால் கிலோ. சூட்டில் ருசி பார்த்தால் கொஞ்சம் தூக்கலாகத் தெரியவேண்டும், ஏனென்றால் சில்லென்று ஆனதும் இனிப்பு நாக்குக்குக் குறைந்து தெரியும். பவுடரை ஒரு டம்ளர் பச்சைப் பாலில், ஆறிய பாலில், கரைத்துக்கொள்ளவேண்டும். சூடான பாலில் கொட்டினால் கட்டி கட்டியாகி, பிறகு எந்தக் கரண்டிக்கும் மசியாது. மீதிப் பாலில் சர்க்கரை போட்டுக் கொதி வந்ததும் கரைசலை விட்டு, சிம்மில் மூன்று நான்கு நிமிஷம் கிளறவேண்டும். கொதிக்கவிடாமல் இறக்கினால் பச்சை மாவு வாடை போகாது. கரண்டியின் முதுகில் பூசிக்கொண்டால் பதம். ஆறும்வரை அடிக்கடி துழாவவேண்டும், இல்லாவிட்டால் ஆடை படிந்து தோல் மாதிரி உரியும். டோன்ட் பாலிலேயே இது கெட்டியாகிவிடும் என்பது குமாஸ்தா வீட்டுக்குப் பெரிய விஷயம். கெட்டித்தன்மை மாவிலிருந்து வருகிறது, கொழுப்பிலிருந்து அல்ல.

இங்கே எச்சிலைப் பற்றிச் சொல்லியாகவேண்டும். ருசி பார்த்த கரண்டியைப் பாட்டி எந்தப் பாத்திரத்திலும் திரும்ப விடமாட்டாள். உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டுக்கொண்டுதான் நக்கவேண்டும். கஸ்டர்ட் விஷயத்தில் அது ஆசாரம் மட்டுமல்ல. ஒரு தடவை, யாரும் பார்க்காத நேரத்தில், நான் அடுக்கிலேயே கரண்டியை விட்டு நான்கைந்து முறை ருசி பார்த்தேன். காலையில் எடுத்தால் கஸ்டர்ட் மோர் மாதிரி ஓடியது. அம்மா பாலைத் திட்டினாள், பூத்தைத் திட்டினாள். நான் வாயைத் திறக்கவில்லை. பல வருஷம் கழித்துத்தான் காரணம் படித்தேன்: எச்சிலில் இருக்கும் அமிலேஸ் என்ற நொதி மாவுச்சத்தை உடைத்துச் சர்க்கரையாக்குகிறது, கெட்டியாக நின்ற கஸ்டர்ட் இளகிவிடுகிறது. சாப்பிட்டு மீதி வைத்த கிண்ணத்தின் அடியில் கொஞ்ச நேரத்தில் தண்ணீர் விட்டுக்கொள்வதை நீங்களும் பார்த்திருக்கலாம். அதே வேலைதான்.

கஸ்டர்டோடு நிறுத்தியிருந்தால் இந்த அத்தியாயத்தில் அவமானம் எதுவும் இருந்திருக்காது. எதிர் வரிசைப் பஞ்சாபி ஆன்ட்டி கொண்டுவந்தது ‘ஃப்ரூட் கிரீம்’. மாவு இல்லை, காய்ச்சல் இல்லை. பால் கடையில் மெஷின் போட்டுப் பிரித்த கிரீமை எடை போட்டு வாங்கி, பொடித்த சர்க்கரை சேர்த்து அடித்து, பழத்தை அதில் புரட்டிவிடுவார். டெல்லிக்காரர்கள் நவராத்திரி விரதத்தில்கூட இதைச் சாப்பிடுவார்கள். சோளமாவு தானியம் என்பதால் விரதத்துக்கு ஆகாது, கிரீமும் பழமும் ஆகும். வெள்ளை வெளேரென்று, கரண்டியைக் குத்தினால் நிற்கும். எங்கள் கஸ்டர்ட் அதன் பக்கத்தில் சற்று ஏழையாகத் தெரிந்தது.

அடுத்த பிக்னிக்குக்கு அம்மாவும் அரைக் கிலோ கிரீம் வாங்கிவிட்டாள். வீட்டில் பீட்டர் கிடையாது. மத்து இருந்தது. கயிறு கட்டி இழுக்கும் பெரிய மத்து அல்ல, உள்ளங்கைகளுக்கிடையில் உருட்டுகிற சின்ன மரமத்து. ஞாயிறு காலை ஏழு மணிக்கு, அடுக்களையில் அங்கீட்டி என்கிற கரியடுப்புக்குப் பக்கத்தில், கதகதப்பாக உட்கார்ந்துகொண்டு கடைய ஆரம்பித்தாள். முதல் தப்பு அங்கேயே. கிரீமில் இருக்கும் கொழுப்பு குளிர்ந்து இறுகியிருந்தால்தான் காற்றைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அங்கீட்டி ஓரத்தில் அது இளகிப்போயிற்று. பத்து நிமிஷம் ஒன்றும் ஆகவில்லை. வேகத்தைக் கூட்டினாள். நுரைத்தது, பொங்கியது, “பார்த்தியாடா” என்றாள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஓரங்களில் ரவை ரவையாகத் திரிந்தது. மத்தின் பல்லில் மஞ்சளாக ஒரு கட்டி ஒட்டியது. அடியில் நீலம் பாய்ந்த மோர்.

“வெண்ணெய்டீ இது” என்றாள் பாட்டி, கட்டிலிலிருந்து எழுந்திருக்காமலே. “மத்தைப் போட்டா வேறென்ன வரும்?”

இன்றைக்கு யாராவது கேட்டால் சொல்வேன்: பாத்திரத்தையும் கிரீமையும் ஒரு மணி நேரம் குளிரவிடுங்கள், பாத்திரத்துக்கு அடியில் ஐஸ் தண்ணீர் வையுங்கள், கம்பி விஸ்க்கால் அடியுங்கள், நுனி மடங்கி நின்றதும் நிறுத்துங்கள். லேசாக மணல் கட்டுவதுபோலத் தெரிந்தால் உடனே இரண்டு கரண்டி அடிக்காத கிரீமை விட்டு மெல்லப் புரட்டினால் பெரும்பாலும் தப்பிக்கும். பாக்கெட்டில் வரும் 25 சதவீதக் கொழுப்புக் கிரீமை எவ்வளவு அடித்தாலும் அது நிற்காது. குறைந்தது 30 சதவீதமாவது வேண்டும். பாக்கெட் கிரீமை ஆறிய கஸ்டர்டில் கலந்துவிடுவதே உத்தமம், ருசியும் அப்படித்தான் கூடுகிறது. என் ஓட்டு எப்போதும் அந்தக் கலப்புக்குத்தான். தனிக் கிரீம் மூன்றாவது கரண்டியில் திகட்டும்.

அன்று என்ன ஆயிற்று என்றால், வெண்ணெயை வழித்துத் தனியாக வைத்துவிட்டு, முற்றத்து அடுக்கையே தூக்கிக்கொண்டு போனோம். கையிருப்பாக ஒரு லிட்டர் கஸ்டர்ட் காய்ச்சி வைத்திருந்தாள். சாயங்காலம் நெய் காய்ச்சினாள். முருங்கைக்கீரைக்கு டெல்லியில் எங்கே போவது, வெற்றிலைக் கிழிசலைப் போட்டாள்.

பழங்களில் வாழைதான் எங்களுக்கு மனக்குறை. தள்ளுவண்டியில் டஜன் கணக்கில் கிடைப்பதெல்லாம் நீளமான பச்சை ஜாதி ஒன்றே. ரஸ்தாளி கிடையாது, மலைப்பழம் கிடையாது. பழநிப் பஞ்சாமிர்தமும் ஒரு ஃப்ரூட் சாலட்தானே என்று அப்பா சொல்வார். விருப்பாச்சிப் பழத்தின் இடத்தில் இதைப் போட்டால் முருகன் மலையிறங்கி விடுவான் என்றும் சொல்வார். மற்றபடி குளிர்காலம் தாராளம்: காஷ்மீர் ஆப்பிள், நாக்பூர் ஆரஞ்சு, அலகாபாத் கொய்யா, சப்போட்டா, மாதுளை. திராட்சை பிப்ரவரிக்குப் பிறகுதான் மலிவாகும். ஆரஞ்சுச் சுளையின் தோலை உரித்து, கொட்டை எடுத்து, சதையை உடையாமல் வைப்பது பிள்ளைகளின் வேலை. வெயிலில் பாய் விரித்து உட்கார்ந்து உரிப்போம். தோலை மடித்து அமுக்கித் தங்கையின் கண்ணில் பீய்ச்சி அடிப்பதும் அந்த வேலையில் சேர்த்தி. புளிப்புச் சுளையைக் கடைசியில் போடவேண்டும், பரிமாறும் இடத்தில். வாழையையும் அங்கேதான் நறுக்கவேண்டும், முன்னாலேயே நறுக்கினால் கறுத்துவிடும். ஆப்பிள் துண்டு எலுமிச்சை பிழிந்த தண்ணீரில் காத்திருக்கும்.

அன்னாசி மட்டும் ஜாக்கிரதை. பச்சையாக நறுக்கிப் பால் பண்டத்தில் போட்டால் அரை மணியில் கசப்பு வந்துவிடும். அதிலுள்ள புரோமெலைன் பாலின் புரதத்தைச் சிதைக்கிறது. சர்க்கரைப் பாகில் ஒரு கொதி விட்டு ஆறவைத்துப் போட்டால் தொல்லை இல்லை. ஒரு மாமி இது தெரியாமல் பச்சை அன்னாசியைப் போட்டுக்கொண்டு வந்து, பூங்காவில் யாரும் ஒன்றும் சொல்லாமல் கிண்ணத்தைப் புல்லில் கவிழ்த்த நாள் எனக்கு நினைவிருக்கிறது. காக்கைகளும் வரவில்லை.

அடுக்கு ஒருபோதும் எங்களோடு திரும்பி வந்ததில்லை. மீதியோடு யாராவது ஒரு வீட்டுக்குப் போய்விடும். கல்யாணத்துக்கு வாங்கியபோது அதன் விளிம்பில் தாத்தாவின் பெயரைப் புள்ளி புள்ளியாகத் தமிழில் வெட்டியிருந்தார்கள். ஒரு வருஷம் அது வங்காளத்து மாஷிமா வீட்டில் தங்கிவிட்டது. பொங்கலன்று காலை அவரே எடுத்து வந்தார்; அவர்களுக்கும் அன்று பௌஷ் சங்கராந்தி. காலிப் பாத்திரத்தைத் திருப்பக் கூடாதென்று உள்ளே பாட்டிஷாப்டா, பேரீச்சை வெல்லமும் தேங்காயும் வைத்துச் சுருட்டியது, இருபதுக்குக் குறையாது. விளிம்பைத் தடவிக் காட்டி, “இந்தப் பூவேலை ரொம்ப நன்றாக இருக்கிறது, எங்கே போட்டீர்கள்?” என்று இந்தியில் கேட்டார். அது மாமனாரின் பெயர் என்று சொல்ல அம்மாவுக்கு வாய் வரவில்லை. “கும்பகோணம்” என்று மட்டும் சொல்லிவிட்டு, அவருடைய கிண்ணத்தை வாங்கிக்கொண்டு பொங்கல் எடுக்க உள்ளே போனாள்.